கொத்தனாருக்கு ஏன் சான்றிதழ் இல்லை? தாம்பரம் வட்டாரத்துக் கட்டட வேலையின் வரலாறு

தாம்பரம், சேலையூர், பல்லாவரம், மேடவாக்கம் என எங்கே வீடு எழும்பினாலும் வாசலில் ஒரு பலகை நிற்கும். அதில் பொறியாளரின் பெயர், பட்டம், கைபேசி எண், சில இடங்களில் திட்ட அனுமதி எண் இருக்கும். சுவர் எழுப்பும் கொத்தனார், கம்பி கட்டுகிறவர், ஜல்லி சுமக்கும் சித்தாள் ஆகியோரின் பெயர்கள் அதில் இருக்காது. பெயரை விடுங்கள். தொழில் தெரிந்தவர் என்று சொல்கிற ஒரு தாள்கூட அவர்களில் பெரும்பாலோர் கையில் இல்லை. இருபது வருடம் கரண்டி பிடித்தவரும் நேற்று வேலைக்கு வந்தவரும் அரசுக் கணக்கில் ஒரே கட்டடத் தொழிலாளிதான்.

இந்த நிலைக்கு ஒரு வரலாறு இருக்கிறது. அதை நம் இளைஞர்கள் தெரிந்துகொள்ள வேண்டும். ஏனென்றால் இப்போது ‘திறன் மேம்பாடு’, ‘திறன் சான்றிதழ்’ என்ற சொற்கள் நம் குடியிருப்புகளுக்குள்ளும் வந்துவிட்டன. நாம் சொல்ல வருவது ஒன்றுதான்: சான்றிதழ் கதவாகவும் இருக்கும், வேலியாகவும் இருக்கும். அதைப் பெற என்ன தகுதி கேட்கிறார்கள், பெற்றவருக்குக் கூலியிலும் அதிகாரத்திலும் என்ன கூடுகிறது என்ற இரண்டு கேள்விகள்தான் அது எது என்பதைத் தீர்மானிக்கின்றன.

மனையில்லாதவர்கள் கட்டிய ஊர்

தாம்பரம் மாநகராட்சி உருவானது 2021 நவம்பரில். அதற்கு வெகுகாலம் முன்பு இந்த ஊர்கள் செங்கல்பட்டு ஜில்லாவின் கிராமங்கள். நிலம் மிராசுதாரர்களின் பிடியில் இருந்தது. 1891இல் அந்த ஜில்லாவின் ஆட்சியராக இருந்த டிரமென்ஹீர், பறையர் மக்களின் நிலை பற்றி அரசுக்கு ஓர் அறிக்கை அனுப்பினார். உழுகிற நிலம் மட்டுமின்றி, குடிசை நிற்கிற மனைகூட சேரி மக்களுக்குச் சொந்தமில்லை, எதிர்த்து நின்றால் மனையைவிட்டே விரட்ட முடிகிறது என்பதை அது பதிவு செய்தது. அதைத் தொடர்ந்து 1892 செப்டம்பர் 30 அன்று பிறந்த அரசாணையிலிருந்துதான் பஞ்சமி நிலம் வந்தது. பின்னர் 1920களில் சென்னை மாகாணத் தொழிலாளர் துறை, ஒடுக்கப்பட்ட மக்களுக்கு வீட்டுமனை வாங்கித் தருவதையும் பள்ளி நடத்துவதையும் தன் பணியாக எடுத்துக்கொண்டது.

கட்டட வேலையின் வரலாற்றை நிலத்திலிருந்து தொடங்கக் காரணம் இருக்கிறது. சொந்த மனை இல்லாதவர் பேரம் பேச முடியாது. கூலி குறைவு என்று சொன்னால் வீடு போகும். அப்படிப்பட்டவர் உழைப்புக்குத் தனி மதிப்பு கேட்பது எப்படி?

இந்த வட்டாரத்துக் கல்லும் அதையே சொல்கிறது. பல்லாவரம், பரங்கிமலைப் பகுதியின் கருங்கல் வெகுதூரம் போயிருக்கிறது. கல்கத்தாவில் கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரி ஜாப் சார்னாக்கின் கல்லறைக்கு வைத்த கல் இங்கிருந்து போனதுதான். அதனால் நிலவியல் அறிஞர்கள் இந்தப் பாறை வகைக்கே ‘சார்னோகைட்’ என்று பெயர் வைத்துவிட்டார்கள். கல்லுக்கடியில் கிடப்பவரின் பெயர் உலகப் பாடநூல்களில் ஏறியது. அதை வெட்டியவர்களின் பெயர் எங்கும் இல்லை.

பள்ளிக்கூடம் ஒருபுறம், வேலைத்தளம் ஒருபுறம்

1794இல் சென்னைக் கோட்டைக்கு அருகில் எட்டு மாணவர்களோடு ஒரு நில அளவைப் பள்ளி தொடங்கியது. அதுவே 1859இல் பொறியியல் கல்லூரியாகி, 1920இல் கிண்டிக்கு இடம்பெயர்ந்தது. 1850இல் அலெக்சாண்டர் ஹண்டர் சென்னையில் கலைப் பள்ளியைத் தொடங்கினார். இப்படித்தான் கட்டும் அறிவு நம் ஊரில் முதன்முதலாகத் தாளில் ஏறியது. வரைபடம் போடத் தெரிந்தவர், அளக்கத் தெரிந்தவர், மதிப்பீடு எழுதத் தெரிந்தவர் சான்று பெற்றார்.

கட்டுகிற கைகளுக்கு அந்தப் பள்ளிகளில் இடமில்லை. கல்தச்சும் மரத்தச்சும் குடும்பத்துக்குள், சாதிக்குள் கைமாறின. சேரியிலிருந்து வந்தவர்களுக்கு மண் வெட்டுவது, கல் உடைப்பது, சுமப்பது ஆகிய வேலைகள் ஒதுங்கின. தாளில் ஏறிய அறிவுக்குள் போக எழுத்து வேண்டும். கைவினைக்குள் போகப் பிறப்பு வேண்டும். நம் முன்னோருக்கு இரண்டு வழியும் அடைபட்டிருந்தன.

அதனால்தான் நம் தலைவர்கள் பள்ளிக்கூடத்தை அத்தனை அழுத்தமாகக் கேட்டார்கள். பரங்கிமலையில் 1883இல் பிறந்த எம்.சி. ராஜா ஆசிரியராக வாழ்வைத் தொடங்கி, சென்னை சட்டமன்றத்தில் ஒடுக்கப்பட்டோரின் குரலாக நின்றவர். அண்ணல் அம்பேத்கர் பட்டியல் சாதியினரின் குறைகளைத் தொகுத்து 1942இல் அரசப் பிரதிநிதியிடம் அளித்த மனுவில், அரசு வேலையும் கல்வி உதவியும் கேட்டதோடு தொழில்நுட்பப் பயிற்சியையும் கேட்டார். அரசு அச்சகங்களிலும் ரயில்வே பணிமனைகளிலும் நம் பிள்ளைகளைத் தொழில் பழகுநர்களாகச் சேர்க்க வேண்டும் என்பது அவரது கோரிக்கைகளில் ஒன்று. கைத்தொழிலை அவர் தாழ்வாகப் பார்க்கவில்லை. சாதி கற்றுத்தரும் தொழிலை விட்டு, அரசு சான்றளிக்கும் தொழிலுக்குள் நம்மைக் கொண்டுபோகப் பார்த்தார்.

1950இல் ஒன்றிய அரசின் கைவினைஞர் பயிற்சித் திட்டத்தோடு தொழிற்பயிற்சி நிலையங்கள் பரவின. 1961இல் தொழில் பழகுநர் சட்டம் வந்தது. இடையில் நடந்ததையும் மறக்கக் கூடாது. 1953இல் ராஜாஜி அரசு கொண்டுவந்த தொடக்கக் கல்வித் திட்டத்தில் பிள்ளைகள் பள்ளியில் இருக்கும் நேரம் பாதியாகக் குறைந்தது. மீதிப் பொழுதில் பெற்றோரின் தொழிலைப் பழக வேண்டும். மக்கள் அதைக் குலக்கல்வித் திட்டம் என்றே அழைத்தார்கள். எதிர்ப்பு பெருகி, 1954இல் காமராசர் முதல்வரானதும் திட்டம் கைவிடப்பட்டது. தொழிற்கல்வி என்ற பெயரில் எது வந்தாலும், இது தொழிலைத் தேர்ந்தெடுக்க விடுகிறதா, பிறந்த தொழிலில் கட்டிப்போடுகிறதா என்று நாம் சந்தேகத்தோடு பார்ப்பது அந்த அனுபவத்தால்தான்.

தொழிற்பயிற்சி நிலையக் கொத்தனார் பிரிவில் சேர எட்டாம் வகுப்புத் தேர்ச்சி வேண்டும், ஓராண்டுப் பயிற்சி. சின்னத் தகுதிதான். ஆனால் ஐந்தாம் வகுப்போடு பள்ளியை விட்டு அம்மாவோடு சித்தாள் வேலைக்குப் போன பெண்ணுக்கு அது எட்டாத உயரம். தினக்கூலி வாங்குகிறவர் ஓராண்டு கூலியை விட்டுவிட்டு வகுப்பில் உட்காரவும் முடியாது.

புறநகர் வளர்ந்த விதம்

1931இல் கடற்கரை முதல் தாம்பரம் வரை மின்சார ரயில் ஓடத் தொடங்கியது. 1937இல் சென்னைக் கிறித்தவக் கல்லூரி தாம்பரத்துக்கு வந்தது. 1984இல் ஏற்றுமதி மண்டலம். பிறகு பழைய மகாபலிபுரம் சாலையெங்கும் மென்பொருள் நிறுவனங்கள். ஏரிக்கரைகளும் வயல்களும் மனைகளாகின. கண்ணகி நகர், செம்மஞ்சேரி, பெரும்பாக்கம் ஆகிய மறுகுடியமர்வுப் பகுதிகளுக்கு நகருக்குள் இருந்த நம் மக்களை அரசு பெருமளவில் கொண்டுவந்து இறக்கியது. நகரிலிருந்து பெயர்க்கப்பட்டவர்கள் அந்தப் புதிய நகரைக் கட்டும் வேலைக்கும் போனார்கள்.

வண்டலூர், காட்டாங்குளத்தூர் பக்கம் 1980களின் நடுவிலிருந்து தனியார் பொறியியல் கல்லூரிகள் எழும்பின. அந்த வகுப்பறைகளைக் கட்டியவர்களுக்குப் பாடம் நடந்தது சாரத்தின் மேல்தான். கையாளாகச் சேர்ந்து கலவை போட்டு, செங்கல் எடுத்துக் கொடுத்து, மதிய இடைவேளையில் கொத்தனாரின் கரண்டியை வாங்கிப் பழகி, தூக்குக்குண்டும் ரசமட்டமும் கைக்கு வந்த பிறகு ஒருவர் கொத்தனார் ஆகிறார். பத்துப் பேரை அழைத்துவந்து வேலை பிடிக்கும் அளவுக்கு வளர்ந்தால் மேஸ்திரி. இது உண்மையான கல்விதான். இதற்குத் தேர்வும் உண்டு: சுவர் நேராக நிற்க வேண்டும். பட்டம்தான் இல்லை.

இந்த ஏணியில் பெண்கள் பெரும்பாலும் முதல் படியிலேயே நிறுத்தப்படுகிறார்கள். இருபது வயதில் சித்தாளாக வந்தவர் ஐம்பது வயதிலும் சித்தாள்தான். கலவைப் பதம் புதிய கொத்தனாரைவிட அவருக்கு நன்றாகத் தெரிந்திருக்கும். ஆனாலும் கரண்டியை அவர் கையில் யாரும் கொடுப்பதில்லை. வேலைத்தளத்தில் சாதியும் பாலினமும் சேர்ந்து எழுதும் சான்றிதழ் இது.

2015 டிசம்பர் வெள்ளத்துக்குப் பிறகு முடிச்சூர், வரதராஜபுரம் பக்கம் மறுசீரமைப்பு வேலை பெருகியது. தரைத்தளத்தை உயர்த்துவது, ஊறிய பூச்சை உரித்துப் பூசுவது, ஜாக்கி வைத்து வீட்டையே தூக்குவது என்று பல வேலைகள். நிற்கிற வீட்டில் கைவைப்பது புதிதாகக் கட்டுவதைவிட ஆபத்தானது. எந்தச் சுவர் பாரம் தாங்குகிறது, எதை இடிக்கலாம் என்று தெரிந்திருக்க வேண்டும். இந்த வேலையைச் செய்கிறவரிடம் அது தெரியுமா என்று நம் ஊரில் யாரும் சோதிப்பதில்லை. விரிசல் விட்டால் மட்டும் முதல் பழி கொத்தனார் தலையில் விழும்.

சங்கம் வாங்கித் தந்த அட்டை

1979இல் தமிழ் மாநிலக் கட்டடத் தொழிலாளர் சங்கம் பிறந்தது. சங்கங்களின் போராட்டப் பின்னணியில் 1982இல் தமிழ்நாடு உடலுழைப்புத் தொழிலாளர் சட்டம் வந்தது. 1985இல் நீதியரசர் வி.ஆர். கிருஷ்ணய்யர் தலைமையில் கட்டடத் தொழிலாளருக்கான ஒன்றியச் சட்டம் கேட்டு தேசிய அளவில் இயக்கம் தொடங்கியது. 1994 நவம்பர் 30 அன்று தமிழ்நாடு கட்டுமானத் தொழிலாளர் நல வாரியம் அமைந்தது. 1996இல் ஒன்றியச் சட்டமும், கட்டுமானச் செலவில் ஒரு விழுக்காட்டுக்குக் குறையாமல் தீர்வை வசூலிக்கும் சட்டமும் வந்தன.

வாரியம் அமைந்த அதே 1994இல், அதே செங்கல்பட்டு மண்ணில், காரணை பஞ்சமி நில மீட்புப் போராட்டத்தில் காவல்துறையின் துப்பாக்கிச் சூட்டுக்கு ஜான் தாமஸும் ஏழுமலையும் பலியானார்கள். நிலத்துக்கான போராட்டமும் உழைப்புக்கான போராட்டமும் ஒரே மக்கள் இரண்டு முனைகளில் நடத்தியவை.

கட்டடத் தொழிலாளி என்று அரசு முத்திரையோடு சொன்ன முதல் தாள் வாரிய அட்டைதான். கல்வி உதவி, விபத்து உதவி, ஓய்வூதியம் எல்லாம் அதன் வழியாக வந்தன. அது சங்கங்கள் ஈட்டிய வெற்றி. ஆனால் அது நல உதவிக்கான அட்டை. வைத்திருப்பவர் தேர்ந்த கொத்தனார் என்று சொல்லி அவருக்குக் கூடுதல் கூலி கேட்க உதவாது.

அதற்குள்ளும் ஒரு ஓட்டை இருக்கிறது. சொந்தக் குடியிருப்புக்காக 10 லட்சம் ரூபாய்க்குள் கட்டும் வீட்டு வேலையை 1996 சட்டம் தன் வரையறைக்கு வெளியே வைத்தது. 2020இல் நிறைவேறிய சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு அந்த வரம்பை 50 லட்சமாக உயர்த்தியது. புறநகரின் தனி வீடுகளில், பழுதுபார்ப்பு வேலைகளில் எத்தனை அந்த வரம்புக்குள் அடங்கிவிடும் என்று நீங்களே கணக்குப் போட்டுப் பாருங்கள்.

மேலே உரிமம், கீழே வெறுங்கை

2014 ஜூன் 28 அன்று போரூரை அடுத்த மௌலிவாக்கத்தில் கட்டிக்கொண்டிருந்த 11 மாடிக் கட்டடம் சரிந்து 61 பேர் இறந்தார்கள். பெரும்பாலோர் கட்டடத் தொழிலாளர்கள். ஆந்திரத்தின் வட மாவட்டங்களிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வந்தவர்கள் அவர்களில் பலர். நீதியரசர் ரகுபதி ஆணையம் விசாரித்தது. 2016 நவம்பரில் பக்கத்துக் கட்டடத்தையும் வெடிவைத்துத் தகர்த்தார்கள்.

அதற்குப் பிறகு விதிகள் இறுகின. 2016இல் மனை வணிக ஒழுங்குமுறைச் சட்டம் வந்தது. 2019இல் தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள் வந்தன. கட்டடக் கலைஞர், பொறியாளர், கட்டமைப்புப் பொறியாளர், கட்டுமான நிறுவனர் எல்லோரும் பதிவு செய்ய வேண்டும் என்றாயிற்று. கட்டடக் கலைஞர் என்ற பட்டத்துக்கு 1972இலேயே தனிச் சட்டம் உண்டு. இவை தேவையானவை. ஆனால் இந்தப் பதிவேட்டில் மேஸ்திரிக்கும் கொத்தனாருக்கும் இடமில்லை. கம்பி எத்தனை போட்டிருக்கிறார்கள், கலவையில் சிமெண்ட் எவ்வளவு என்பதைக் கண்ணால் பார்க்கிறவர் அவர்தான். தவறு கண்டால் வேலையை நிறுத்தச் சொல்லும் தகுதியைச் சட்டம் அவருக்குத் தரவில்லை.

முடியாத காரியம் ஒன்றுமில்லை. அதே வீட்டில் மின்கம்பி இழுக்கிறவரைப் பாருங்கள். கிண்டித் தொழிற்பேட்டையில் இயங்கும் மின் உரிமம் வழங்கும் வாரியம் மின்கம்பியாளருக்கும் மேற்பார்வையாளருக்கும் தகுதிச் சான்று வழங்குகிறது. மின்கம்பியாள் உதவியாளர் தகுதிகாண் தேர்வை அரசு தனியே நடத்துகிறது. 21 வயதும் ஐந்தாண்டு செய்முறை அனுபவமும் அதன் அடிப்படைத் தகுதிகள். செய்து காட்டு, சான்று தருகிறோம் என்கிற வழி அங்கே இருக்கிறது. மின்சாரம் ஆளைக் கொல்லும் என்று அரசுக்குத் தெரிகிறது. கூரை விழுந்தாலும் சாவுதான்.

பெரிய நிறுவனங்கள் தங்கள் தேவைக்குப் பயிற்சி நடத்துகின்றன. எல் அண்ட் டி கட்டுமானப் பிரிவு 1995இல் சென்னையிலும் அகமதாபாத்திலும் பயிற்சி நிலையங்களைத் தொடங்கியது. 2015இல் வந்த பிரதமர் திறன் மேம்பாட்டுத் திட்டத்தில், ஏற்கெனவே வேலை தெரிந்தவரைச் சோதித்துச் சான்று தரும் பிரிவு உண்டு. நல்ல யோசனை. ஆனால் அந்தத் தாளைக் காட்டினால் வேலை நிற்குமிடத்தில் கூலி கூடுகிறதா? கூட வேண்டும் என்று எந்த விதியும் இல்லை. கூலி கூட்டாத சான்றிதழைத் தொழிலாளி வீட்டுப் பெட்டியில் போட்டுவைக்கிறார்.

வேலியாக மாறிய சான்றிதழ்கள்

உலகம் இதை வேறு இடங்களில் பார்த்திருக்கிறது. தென்னாப்பிரிக்காவில் 1922இன் தொழில் பழகுநர் சட்டம் பள்ளிப் படிப்பைக் குறைந்தபட்சத் தகுதியாக்கியது. நிறத்தைப் பற்றி அது பேசவில்லை. ஆனால் பள்ளிக்குப் போக முடியாத கறுப்பின இளைஞர்கள் வெளியே நின்றார்கள். 1951இல் வெளிப்படையாகவே ஒரு சட்டம் வந்தது: கறுப்பினக் கட்டடத் தொழிலாளர்கள் பயிற்சி பெறலாம், ஆனால் தங்கள் மக்களுக்கான குடியிருப்புகளில் மட்டும் கட்ட வேண்டும், வெள்ளையர் பகுதியில் திறன் வேலை செய்யக் கூடாது.

அமெரிக்காவில் வீடு கட்டுவதற்கும் பழைய வீட்டைப் புதுப்பிப்பதற்கும் தனித்தனிச் சான்றிதழ்கள் இருக்கின்றன. கலிபோர்னியாவில் 1929 முதல் ஒப்பந்ததாரர் உரிம வாரியம் இயங்குகிறது. நான்காண்டு தேர்ந்த வேலை அனுபவத்தைக் காட்டித் தேர்வு எழுதலாம். கல்லூரிப் பட்டம் கட்டாயமில்லை. அதே நாட்டில் கட்டடத் தொழில் சங்கங்கள் பழகுநர் சேர்க்கையைத் தங்கள் கையில் வைத்துக்கொண்டு கறுப்பினத்தவரை நெடுங்காலம் தடுத்தன. 1969இல் ஆர்தர் ஃபிளெட்சர் முன்னெடுத்த ஃபிலடெல்பியா திட்டம், அரசு ஒப்பந்த வேலைகளில் கறுப்பினத் தொழிலாளரைச் சேர்க்க இலக்கு வைக்க வேண்டியிருந்தது. பயிற்சியும் தேர்வும் இருந்தால் மட்டும் போதாது. வாசலில் யார் நிற்கிறார் என்பதும் முக்கியம்.

நம் ஊரில் அந்த ஆபத்து வேறு உருவில் வருகிறது. 2023இல் ஒன்றிய அரசு தொடங்கிய விஸ்வகர்மா திட்டத்தின் 18 தொழில்களில் கொத்தனார் வேலையும் ஒன்று. குடும்ப வழித் தொழில் என்பது அதன் அடிப்படை. தமிழ்நாடு அரசு அந்த நிபந்தனையை மாற்றக் கேட்டது. மாறாததால் கலைஞர் கைவினைத் திட்டம் என்று தனியே தொடங்கியது. அப்பன் கொத்தனாரா என்று கேட்டுச் சான்று தருவது 1953இன் மறுபதிப்பு. கரண்டி பிடிக்கத் தெரியுமா என்று கேட்பதுதான் நியாயம்.

நாம் கேட்க வேண்டியது

ஒன்று: மின்கம்பியாள் உதவியாளர் தேர்வைப் போல, கொத்தனார், கம்பி கட்டுநர், சென்ட்ரிங் தொழிலாளிக்கு அனுபவத்தை அடிப்படையாகக் கொண்ட, தமிழிலும் புலம்பெயர்ந்த தொழிலாளரின் மொழிகளிலும் நடக்கும் செய்முறைத் தேர்வு. பள்ளிச் சான்று கேட்கக் கூடாது.

இரண்டு: பயிற்சி நாட்களுக்கு வாரியத் தீர்வை நிதியிலிருந்து முழுக் கூலி. அந்தப் பணம் கட்டடத் தொழிலாளரின் பெயரால் வசூலானது.

மூன்று: சான்று பெற்றவருக்கு அதற்குரிய குறைந்தபட்சக் கூலி. அரசு ஒப்பந்த வேலைகளிலாவது இதை உடனே கட்டாயமாக்கலாம்.

நான்கு: சித்தாளாக வேலை செய்யும் பெண்களுக்குப் பயிற்சியில் பாதி இடம். தாட்கோ 1974இல் தொடங்கியது நம் மக்களுக்குத் தீப்பிடிக்காத வீடு கட்டத்தான். அதன் கட்டுமான வேலைகளில் முதலில் நம் பெண்கள் கையில் கரண்டி கொடுக்கட்டும்.

ஐந்து: பதிவுபெற்ற பொறியாளரோடு வேலைத்தளத்துக் கொத்தனாரின் பெயரும் கட்டட ஆவணத்தில் ஏற வேண்டும். தவறு கண்டால் எழுத்தில் புகார் செய்யவும், அதற்காக வேலையிழக்காமல் இருக்கவும் அவருக்குப் பாதுகாப்பு வேண்டும்.

படிக்கிற தோழர்களுக்கு இப்போதே செய்ய வேலை இருக்கிறது. காலை ஏழு மணிக்குத் தாம்பரத்திலோ மேடவாக்கத்திலோ தொழிலாளர் கூடி நிற்கும் இடத்துக்குப் போங்கள். எத்தனை பேரிடம் வாரிய அட்டை இருக்கிறது, எத்தனை பேருடையது புதுப்பிக்கப்படவில்லை என்று கேட்டு எழுதுங்கள். விண்ணப்பம் நிரப்ப உதவுங்கள். மின் வேலை தெரிந்த தம்பிகளை உதவியாளர் தேர்வுக்கு அனுப்புங்கள். எந்தத் தெருவில், எத்தனை ஆண்டு, என்னென்ன வேலை செய்தார் என்று ஒவ்வொருவரின் வேலை வரலாற்றையும் பெயரோடு பதிவு செய்யுங்கள். நாளை அரசு அனுபவத்துக்கு ஆதாரம் கேட்டால், அந்த நோட்டுப் புத்தகங்களைத்தான் நாம் மேசையில் வைக்க வேண்டியிருக்கும்.